சொல்லையும் காலி செய்தவர்

காது கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆண்கள் தத்தம் செருப்பைத் தேடிக்கொண்டும் பெண்கள் ஒருவர் புடைவையை ஒருவர் விசாரித்துக்கொண்டும் கோயில் வளாகத்தில் நிற்கிற நேரத்தில், பின்னாலிருந்து யாராவது "ஐயரம்மா" என்று அழைப்பார்கள். அவர் திரும்பமாட்டார். குரலை உயர்த்தினாலும் நடை மாறாது. பக்கவாட்டு வாசலைக் கடந்து, அரசலாற்றுப் பாலத்தின் திசையில் நடந்துவிடுவார். அவருக்குச் சபைச் செலவில் ஒரு காதுக்கருவி வாங்கித் தரலாம் என்று எங்கள் பொருளாளர் கமிட்டிக் கூட்டத்தில் முன்மொழியவே செய்தார்.

அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. ஒருமுறை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, இன்று பிரசங்கம் சற்று நீளம் என்று யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் திரும்பாமலேயே, "நீளமெல்லாம் இல்லீங்க சார். ஒங்களுக்குப் பசி" என்றார்.

பிற ஊராருக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். எங்களுடையது பழைய மிஷன் வழியில் வந்த சிறிய சபை. இங்கே போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் குடியிருக்கும் வீடு குருமனை. வெளியாருக்கு இந்தச் சொற்கள் குழப்பம் தருவதுண்டு. இப்போதைய ஐயர் மாற்றலாகி வந்தபோது, அவருடைய வீட்டுச் சாமான்களை ஏற்றி வந்த லாரிக்காரர் பேருந்து நிலையத்தில் "ஐயர் வீடு எங்கங்க?" என்று கேட்டிருக்கிறார். யாரோ அவரைச் சிவன் கோயில் வீதிக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்த குருக்கள், பீரோவையும் ஆர்மோனியத்தையும் கண்ணாடி போட்ட இயேசு படத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சாமான் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆள் நானில்ல" என்று சொல்லி, சரியான வழியைக் காட்டி அனுப்பினாராம்.

நான் சித்திரிக்க முயல்பவர் அந்தப் புதிய ஐயரின் மனைவி அல்லர்; அவருக்கு முன்னால் இருந்தவர். அவருடைய கணவர் எங்கள் சபையில் பத்தாண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்து, பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் மனைவியை அடக்கம் செய்தவர் அவர்தான். இருவருடைய கல்லறைகளும் ஒரே வரிசையில் இருக்கின்றன.

ஊழியத்தில் இருக்கும் ஐயர் இறந்தால், அடுத்தவர் வருவதற்குள் குடும்பம் குருமனையை ஒழித்துக் கொடுக்கவேண்டும். அது ஏட்டில் எழுதாத விதி. சென்னையில் இருந்த மகன் வந்து அழைத்தார், இவர் போகவில்லை. "சென்னையில தண்ணி ஒத்துக்காதுங்க" என்று எல்லோரிடமும் ஒரே காரணத்தைச் சொன்னார். எங்கள் ஊர்க் குழாயில் வரும் உப்புத் தண்ணீரைக் குடித்தவர் எவரும் அதை நம்பியிருக்கமாட்டார். பாலத்துக்கு இந்தப்பக்கம், கப்பல் வியாபாரம் செய்த பழைய மரைக்காயர் குடும்பம் ஒன்றின் வீட்டு மாடியில் ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்குப் பிடித்தார். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போகலாம்.

அவர் குருமனையைக் காலி செய்த விதத்தை நான் அருகிலிருந்து கண்டேன். சபைச் செயலாளர் என்ற முறையில் சாவியை வாங்கப் போயிருந்தேன். சாமான்கள் முன்னமே போய்விட்டிருந்தன. அவர் ஸ்டூலின்மேல் நின்றுகொண்டு சுவரிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டைகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆணி இருந்தா வர்றவங்களுக்கு உபயோகப்படுமே" என்றேன்.

"நாங்க அடிச்ச எடத்துல அவங்க ஏங்க படம் மாட்டணும்? அவங்களுக்குப் புடிச்ச எடத்துல அவங்க அடிச்சுக்கட்டும்" என்றார். பிறகு இறங்கி, சற்றுத் தள்ளி நின்று சுவரைப் பார்த்தார். கணவரின் படம் தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு நிறம் மாறியிருந்தது. அதற்கு அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. "அவ்வளவுதான்" என்று சாவியை என் கையில் கொடுத்தார்.

புதிய ஐயரின் வரவேற்பு ஏற்பாட்டுக்கான கமிட்டிக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். நகராட்சியை இன்னமும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்து வழக்கப்படி மேரி என்றே சொல்லும் எங்கள் பொருளாளர், ஏற்பாடுகளை விவரித்தார். மேளம் சொல்லியாகிவிட்டது. கும்பகோணத்திலிருந்து ஆளுயர மாலை வருகிறது. பாலத்தருகே ஒரு ஃபிளெக்ஸ் போர்டு.

"போர்டுல யார் படங்க?" என்று அவர் கேட்டார்.

"ஐயர் படமும் ஐயரம்மா படமும். கீழ கமிட்டிக்காரங்க படம், சின்னதா."

"கமிட்டியில எல்லாரும் உண்டா?"

"ஆமா, ஒருத்தர விட்டாலும் வருத்தப்படுவாங்கள்ல."

"அப்ப ஐயர் படந்தான் சின்னதா வரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், "குருமனைக் குழாய்ல தண்ணி வருதா?" என்று கேட்டார்.

"மேரிக்கு எழுதிக் குடுத்தாச்சுங்க."

"எழுதிக் குடுத்த காயிதத்துல அரிசி களைய முடியாதே. வந்து எறங்குற அன்னிக்கு எல்லா வீட்டுலேருந்தும் பிரியாணி வரும். தண்ணி வராது. மறுநாள் பிரியாணியும் வராது. மொத நாள் ஒரு வீட்டுலேருந்து ரசமும் அப்பளமும் போதும். சாப்புட்டுட்டு கதவச் சாத்திக்கட்டும். யாரும் போய்த் தட்டாதீங்க. மத்த வீட்டுக்காரங்க அடுத்தடுத்த வாரம் போங்க, அப்பத்தான் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டியிருக்கும்."

குழாய் மறுநாளே சரிசெய்யப்பட்டது. பிரியாணியைத் தடுக்க எங்களால் முடியவில்லை.

புதிய ஐயர் இளைஞர். அவர் மனைவி இன்னும் இளையவர், கொங்குப் பக்கத்துக்காரர், கடலை அதுவரை இருமுறைதான் பார்த்திருந்தார். அவர்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை விவரமாகச் சொல்லவேண்டும். பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சு, சுவரோரம், ஐயரம்மாவின் இடம். எவரும் அதில் உட்காரமாட்டார்கள். எங்கள் பழைய ஐயரம்மா அன்று கடைசி வரிசையில், பக்கவாட்டு வாசலுக்கு அருகில் போய் அமர்ந்தார். முன்னாலிருந்த பெண்கள் எழுந்து வந்து அழைத்தும் அசையவில்லை. ஆனால் புதியவருக்கு முதல் பெஞ்சைக் காட்ட ஒருவரும் முன்வரவில்லை. அவர் நடுவில் ஓரிடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

ஆராதனைக்குப் பிறகு வளாகத்தில் பொருளாளர், "ஐயரம்மா, ஒரு நிமிசம்" என்று அழைத்தார். இருவரும் திரும்பினார்கள். புதியவர் "சொல்லுங்க" என்று இரண்டடி முன்னே வந்துவிட்டார். பொருளாளரின் பார்வை அவரைத் தாண்டி மூத்தவர்மேல் இருந்தது. "ஒங்கள இல்லீங்க, அவங்கள" என்றார், மரியாதையாகத்தான். இளையவர் தலையைக் குனிந்து பின்வாங்கினார்.

எங்களுடைய ஐயரம்மா அந்தச் சொல்லுக்குத் திரும்பியது அதுதான் கடைசி. மறுவாரத்திலிருந்து அவருக்குக் காது கேட்கவில்லை.

காரணம் எங்களுக்குப் புரிந்தபோது, பொருளாளர் ஒரு சமரசம் சொன்னார். "பெரிய ஐயரம்மா, சின்ன ஐயரம்மான்னு வச்சுக்கலாமே."

"சின்ன ஐயரம்மான்னு கூப்புட ஆரம்பிச்சா, அந்தப் பொண்ணு இந்த ஊருல என்னைக்குங்க பெரியவ ஆவறது?"

"அப்ப ஒங்கள என்னன்னுதான் கூப்புடறது?"

"எதுக்குக் கூப்புடணும்? இங்கதான இருக்கேன்."

இதைச் சொன்னபோது புன்னகை செய்தார். அந்தச் சொல்லில் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவருடைய கணவரும் வீட்டில் அவரை அப்படித்தான் அழைப்பார். நாங்கள் மாலையில் குருமனைக்குப் போனால், "ஐயரம்மா, வாத்தியார் வந்திருக்காரு, காப்பித்தூள் இருக்கா, இல்ல ஜெபத்தோட அனுப்பிடலாமா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் ஊரில் ஒருவரே. அது என் மனைவி.

ஒரு மனிதரை அழைக்கச் சொல் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை அதன் பிறகு கண்டேன். தூரத்திலிருந்து குரல் கொடுக்க முடியாது. அருகே நடந்து போய், "ஏங்க" என்றோ, "இங்க பாருங்க" என்றோ தொடங்கவேண்டும். அவசியமான செய்தி உடையவர்கள் அப்படிப் போனார்கள். சும்மா இரண்டு வார்த்தை பேச நினைத்தவர்கள், அவர் வாசலைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேறு பேச்சுக்குத் திரும்பினார்கள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அவரைத் தேடி மாடிப்படி ஏறியவர்களும் இருந்தார்கள். பாடகர் குழுவுக்குத் தலைமை தாங்கும் பெண்மணி அவர்களில் முதன்மையானவர். பருத்த உடல், கணீரென்ற குரல், கோபமும் அழுகையும் எளிதில் வருகிற சுபாவம். புதிய ஐயர் கைப்பேசியைப் பார்த்துப் பிரசங்கம் செய்கிறார், கீர்த்தனைகளில் பாதிக்கு ராகம் தெரியவில்லை, அவருடைய மனைவி யாரோடும் ஒட்டுவதில்லை என்பவை அவருடைய குற்றச்சாட்டுகள். அவர் இவற்றைச் சொல்ல வந்த அன்று, கோயில் கணக்குத் தொடர்பாக நானும் அந்த மாடிக்குப் போயிருந்தேன்.

"நம்ம ஐயர் காலத்துல இப்படியா இருந்துச்சு?" என்றார் பாடகர் குழுத் தலைவி.

"நம்ம ஐயரா? அவரு குருமனையில இருக்காரு. குறையிருந்தா அங்க போய்ச் சொல்லு."

"நான் ஒங்க வீட்டுக்காரரச் சொல்றேன்."

"அவரு செத்துப்போயிட்டாரு" என்றார் இவர், தேநீரை ஆற்றிக்கொண்டே. "பிஸ்கட் எடுத்துக்க. ஒம் மக மாசமா இருக்கான்னு கேள்விப்பட்டேன். ஐயரம்மாகிட்ட சொன்னியா?"

"அந்தப் பொண்ணுகிட்டயா? அதுக்கு என்ன தெரியும்?"

"ஜெபம் பண்ணத் தெரியும். போய்ச் சொல்லு."

படியிறங்கும்போது அந்தப் பெண்மணி என்னிடம், "பாத்தீங்களா சார், கல்லு மாதிரி ஆயிட்டாங்க" என்றார். எனக்கும் சில சமயம் அப்படித் தோன்றியதுண்டு. ஒதுங்குவதில் அவருக்கு இருந்த முனைப்பு, எதிரே நின்றவரைச் சற்று அச்சுறுத்தும். குருமனை முற்றத்து முருங்கையை அவர்தான் வைத்தார். இளைய ஐயரம்மா ஒருமுறை அதில் காய்த்ததைக் கட்டாகக் கட்டி மாடிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். "அது குருமனை மரம்மா. குருமனைக் கொழம்புக்குத்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து அந்தப் பெண் சபை அலுவலகத்தில் என்னைப் பார்த்தபோது, தயங்கித் தயங்கிக் கேட்டார். "எம்மேல கோவங்களா சார் அவிங்களுக்கு? அவிங்ககிட்ட, ஒங்கள நான் என்னன்னு கூப்புடறதுன்னு கேட்டேன். கூப்புடாத, வேணும்னா நானே வருவேன்னாங்க. ஒருநாளும் வரலீங்க. இவர்கிட்ட மாற்றல் கேக்கச் சொல்லலாம்னு இருக்கேன். இங்க எனக்குன்னு யாரும் இல்லீங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை மாடிக்குப் போய் அந்தப் பெண் சொன்னதை அப்படியே தெரிவித்தேன்.

"நான் போய் நின்னேன்னு வைங்க சார், எல்லாரும் என்னப் பாத்துத்தான் பேசுவாங்க. அந்தப் பொண்ணு மறுபடியும் ரெண்டடி பின்னால போயிடும். கிறிஸ்மஸ் வரைக்கும் இருக்கச் சொல்லுங்க."

அந்தக் கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்கிறேன். ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் கேக்கும் பழமும் எடுத்துக்கொண்டு குருமனைக்குப் போய் வாழ்த்துப் பெறுவது வழக்கம். கணவர் இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். ஐயரம்மாவை முதலில் போய்ப் பார்க்கவேண்டும், துக்கத்தில் இருக்கிறார், குருமனைக்கு அப்புறம் போகலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் முதலில் மாடிக்குப் போனால் பிறகு குருமனைக்கு எத்தனை பேர் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. பண்டிகைக்கு முந்தைய ஞாயிறன்று, மகனிடம் சென்னைக்குப் போவதாக ஒவ்வொருவரிடமும் தாமே சென்று சொன்னார். பெண்கள் ஏமாற்றமடைந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் நேரே குருமனைக்குப் போனார்கள். வேறு போக்கிடம் இல்லை. இளைய ஐயரம்மாவுக்குத் தட்டுகள் போதவில்லை. பாடகர் குழுத் தலைவி சமையலறைக்குள் புகுந்து தாமே பாத்திரம் கழுவினார். அங்கேயே அந்தப் பெண்ணிடம் தம் மகளைப் பற்றிச் சொல்லி அழுததாகவும் கேள்விப்பட்டேன்.

நான் அங்கே நெடுநேரம் நிற்கவில்லை. என் வீட்டில் அந்த ஆண்டு ஒருவரும் இல்லை. என் மனைவி செய்யும் முறையில் கடையில் சொல்லிச் செய்த கேக்கில் பாதி கையில் இருந்தது. மரைக்காயர் வீட்டாருக்காவது கொடுக்கலாம் என்று போனேன். மாடிக் கதவில் வெளிப்புறம் பூட்டுத் தொங்குவது தெருவிலிருந்தே தெரிந்தது. வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"லாத்தா ஊருக்குல்ல போயிருக்காங்க சார். ஒங்ககிட்ட சொல்லலியா?" என்றார். அக்கா என்பதற்கு அவர்கள் லாத்தா என்பார்கள். அந்த வீட்டில் மட்டும் அவருக்கு அழைப்பதற்கு ஒரு சொல் இருந்தது.

"சொன்னாங்க" என்றேன். அப்போது மாடியில் குக்கர் விசில் அடித்தது.

"அது எங்க வூட்டு குக்கரு சார்" என்றார் அவர் அவசரமாக. அவருக்குப் பின்னால் அவருடைய அடுப்படி நன்றாகத் தெரிந்தது. குக்கர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே இரண்டாவது விசில் பாதியில் அடங்கிற்று. யாரோ விரைந்து அடுப்பை அணைத்திருக்கவேண்டும். அந்த அம்மாளின் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு புதிய சாவியும் இருந்தது. நான் கேக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, மேலே நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிட்டேன்.

இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பு, கல்லறைத் தோட்டத்தில் சந்தித்தபோது, "இந்த வருசமும் சென்னைதானா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார்."

"பயணத்துக்கு வசதியெல்லாம் உண்டா?"

"ஜன்னலோரமா எடம் கெடச்சிருக்குங்க" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு என் மனைவியின் கல்லறைமேல் விழுந்திருந்த சருகுகளைக் குடை முனையால் ஒதுக்கினார்.

மாற்றல் கேட்கும் பேச்சு பிறகு எழவில்லை. பாடகர் குழுத் தலைவியின் மகளுக்குப் பிரசவமானபோது மருத்துவமனையில் இரவும் பகலும் உடனிருந்தவர் இளைய ஐயரம்மா. திருவேட்டக்குடியிலிருந்து வருகிற மீன்காரப் பெண் நல்ல வஞ்சிரத்தை அவருக்கென்று ஒதுக்கி வைத்தார். முதல் பெஞ்சில் சுவரோரம் அவர் இயல்பாக அமர்ந்தார். வளாகத்தில் "ஐயரம்மா" என்று குரல் எழுந்தால் ஒரு முகம் மட்டுமே திரும்பியது. கடைசி வரிசையில் இருந்தவர் ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அவர் வராத ஞாயிறுகளும் இருந்தன. அவற்றை நான் கவனித்தேன்.

சென்ற தை மாதம் ஒரு முற்பகலில் மரைக்காயர் வீட்டு அம்மாளிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "சார், லாத்தா மவுத்தாயிட்டாங்க. டீ கொண்டுபோய்க் கதவத் தட்டுனேன், தெறக்கல" என்றார். அவருடைய மகன் கோயிலுக்கும் போன் செய்து, "ஒங்க ஐயரம்மா மவுத்தாயிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். ஐயர் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு மரைக்காயர் வீட்டுக்குப் போய்விட்டார். மணியடிக்கும் கோயில்பிள்ளை துக்க மணியை அடிக்கத் தொடங்கினார். யாருக்கு என்று வழியில் நின்றவர்கள் கேட்டபோது, "ஐயரம்மாவுக்கு" என்றார்.

நான் மரைக்காயர் வீட்டுக்குப் போகும் வழியில், குருமனை கேட்டின் முன்னால் பெருங்கூட்டம். கதவு சாத்தியிருந்தது. பெண்கள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். பாடகர் குழுத் தலைவி பிசைந்த மாவுக் கையோடு ஓடி வந்திருந்தார். "நேத்துகூட எம் பேத்திய மடியில வச்சிருந்தாங்களே, எங்க ஐயரம்மா" என்று நெஞ்சில் அறைந்துகொண்டார். பொருளாளர் சுவரில் சாய்ந்திருந்தார். அவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

நான் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. இளைய ஐயரம்மா வெள்ளைப் புடைவையில், துக்க வீட்டுக்குப் புறப்பட்டவராக, பூட்டும் சாவியுமாக வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

அழுகை அறுந்தாற்போல் நின்றது. பாடகர் குழுத் தலைவி கேட்டைத் தள்ளிக்கொண்டு போய், அவருடைய முகத்தை இரு கைகளாலும் பிடித்தார். கன்னங்களில் மாவு அப்பியது.

"இருக்கீங்களா? நீங்க இருக்கீங்களா? அப்பாடா. ஸ்தோத்திரம், ஆண்டவரே, ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்று பின்னாலிருந்து பல குரல்கள் சொல்லின. ஒருவரிருவர் சிரித்தார்கள். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தக் கோயில்பிள்ளைக்கு ஒரு சேதிய ஒழுங்காச் சொல்லத் தெரியல" என்று கடிந்தார். மணி தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப மணி யாருக்குங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

இளைய ஐயரம்மா பதில் சொல்ல முயன்றார். அவரிடம் அதற்கு ஒரு சொல் இல்லை. என்னைப் பார்த்தார்.

என் மனைவி மட்டும் அழைத்துவந்த அந்தப் பெயரை நான் சொன்னேன். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பாடகர் குழுத் தலைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, ஆறுதலாகவே என்னிடம் கேட்டார்:

"எந்த ஊருங்க சார் அவங்க?"